பூசிமுடித்த ஒரே அறை

2024 பெப்ரவரி 6, செவ்வாய்

இன்று சுவருக்கு மூன்றாவது நிறம். முதலில் சந்தன நிறம் அடித்து வந்தவர்கள் இருக்கும் ஹோல் ஆக்கினேன். அதன்மேல் இளநீலம் அடித்துப் படுக்கையறை ஆக்கினேன். இன்று வெள்ளை. ஞாயிற்றுக்கிழமைக்குள் இது சமையலறை ஆகவேண்டும்.

அறை ஒன்றுதான். பலாபத்வலையில் நாங்கள் வாங்கிய காணியில் நாலு அறைக்குச் சுவர் எழும்பி நிற்கிறது. மேலே ஸ்லாப்பும் போட்டாயிற்று. ஆனால் பூச்சுப் பூசி, நிலம் போட்டு, ஜன்னல் மாட்டியது முன்பக்கத்து இந்த அறைக்கு மட்டும். மற்றதெல்லாம் வெறும் கல்லும் துருப்பிடித்த கம்பியும். நான் இருப்பது இன்னும் உம்மா வீட்டில். சீமெந்து கிடைக்காத அந்த வருஷம் வேலை நின்றது. பிறகு வீட்டுக்கென்று என் கணவர் ஹஸீப் அனுப்பியது என் வாப்பாவின் ஆஸ்பத்திரிக்குப் போனது. வாப்பாவும் போய்விட்டார். வாப்பா போனதைத் தவிர இதில் எதையும் நான் ஹஸீபிடம் சொல்லவில்லை.

அவர் கொரியாவுக்குப் போய் எட்டு வருஷம். விசா முடிந்து மூன்று வருஷம். ஒளிந்துதான் வேலை செய்கிறார். ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது. “வாறதுன்னா ஒரேயடியா வாறது. வீடு முடிஞ்சா அடுத்த கிழமையே வாறேன், றுக்ஸி.” இதை எத்தனை ஞாயிற்றுக்கிழமை கேட்டிருப்பேன்.

அதனால் நான் வீட்டை முடித்துக்கொண்டிருக்கிறேன். படத்தில்.

பெப்ரவரி 8, வியாழன்

பாதி நாள் லீவு. பஸீர் நானாவின் கமராவும் ட்ரைபொட்டும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். டவுனில் அவருடைய ஸ்டூடியோவில் ஒன்பது வருஷமாக வேலை. அடையாள அட்டைப் படம் எடுப்பேன், கல்யாண அல்பம் செய்வேன். எதற்குக் கமரா என்று அவர் கேட்பதில்லை. கேட்காமலே பாதி தெரிந்து வைத்திருக்கிறார்.

உம்மாவின் கேஸ் அடுப்பு, சிலிண்டர் இல்லாமல். ஹார்ட்வெயார் கடையில் இரவல் வாங்கிய ஸ்டீல் சிங்க், நாலு கல்லின் மேல். சுவரில் டைல்ஸ் மாதிரி ஒட்டுத்தாள். ஜன்னலுக்குக் கட்டம்போட்ட சீலை. வெளிச்சம் ஒன்பதரை மணிக்குச் சாய்ந்து வந்து சிங்கின் விளிம்பில் நின்றது. எடுத்தேன்.

ஆளே இல்லாமல்தான் எடுக்கிறேன். நவம்பரில் ஹோல் படம் எடுக்கும்போது டைமர் வைத்து நானே கதிரையில் இருந்து பார்த்தேன். கணினியில் போட்டுப் பார்த்ததும் வெட்கமாகப் போய்விட்டது. அறை பொய் சொல்லவில்லை, என் முகம்தான் சொன்னது. எழும்பி, கதிரையைக் கொஞ்சம் திருப்பி வைத்து, வெறும் கதிரையை எடுத்தேன். யாரோ இப்போதுதான் வரப்போகிற மாதிரி இருந்தது. அதில் பொய் இல்லை. நான் நினைத்துக்கொண்டிருந்ததே அதைத்தான்.

பெப்ரவரி 11, ஞாயிறு

பேசினார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாராம்.

“ஜன்னல் எல்லாம் ஒரே மாதிரியா போட்டீங்க?”

“ஒரே ஆள்கிட்டத்தான் செஞ்சது.”

“நல்லா இரிக்கு. வெளிச்சம் நல்லா இரிக்கு.”

எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன். அவர் பக்கம் யாரோ சட்டி கழுவும் சத்தம்.

“சின்ன அறை இன்னும் இரிக்குதானே. அதையும் முடிங்களேன்.”

நவம்பரில் ஹோல் போதும் என்றார். பிறகு படுக்கையறை. பிறகு சமையலறை. இப்போது சின்ன அறை. நான் முடிக்க முடிக்க வீடு வளர்ந்துகொண்டே போகிறது.

பெப்ரவரி 25, ஞாயிறு

போன் வரவில்லை. ஓவர்டைமாக இருக்கும்.

மார்ச் 4, திங்கள்

ஸ்டூடியோவில் இன்று ஒரு விஷயம் நடந்தது.

பிரிண்ட் எடுக்க ஒரு அம்மா வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், பருத்திச் சேலை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. சந்திரகாந்தா. கண்டியில் ஓவியமும் புகைப்படமும் படிப்பிக்கிறவர், பிறந்தது இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். அவருடைய பைலைத் தேடும்போது என் மூன்று படங்களும் திரையில் திறந்துவிட்டன. மூட முதல் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இது யாரு எடுத்தது?”

“நான்தான் மிஸ். சும்மா எடுத்தது.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் குனிந்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், “மூணும் ஒரே ரூம்தானே?”

தரையைக் காட்டினார். ஜன்னலுக்குக் கீழே சிவப்புச் சீமெந்தில் முடி அளவு ஒரு வெடிப்பு, மூன்று படத்திலும் ஒரே இடத்தில். “நீங்க எல்லாத்தையும் மாத்தினீங்க, வெடிப்ப மாத்தல.”

ஏன் என்று தெரியவில்லை, அந்நிய மனுஷியிடம் முழுவதையும் சொன்னேன். உம்மாவிடம்கூட இப்படிச் சொன்னதில்லை. பஸீர் நானா உள்ளே போய் இல்லாத வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

மிஸ் ஆறுதல் சொல்லவில்லை, ஏசவுமில்லை. இப்படி அறையைக் கட்டி, படமெடுத்து, உடைத்துவிடுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள், அதுதான் அவர்களுடைய தொழில் என்றார். “ஆனா அவங்கள்ல பலபேர் யாருக்காகவும் கட்றதில்ல. நீங்க ஒருத்தருக்காகக் கட்டியிருக்கீங்க. அது படத்துல தெரியுது.”

செப்டம்பரில் கண்டியில் ஒரு கண்காட்சி வைக்கிறாராம். அதற்கு இந்தப் படங்களைக் கேட்டார். இல்லை என்றேன். தன்னுடைய நம்பரை மேசையில் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 12, செவ்வாய்

முதல் நோன்பு. கஞ்சி உப்புக் கூடிவிட்டது. உம்மா அப்படியே குடித்தார்.

மார்ச் 21, வியாழன்

சின்ன அறையைச் செய்தேன். இளமஞ்சள்.

ஸ்டூடியோ ஸ்டோரில் ஒரு குழந்தைக் கட்டில் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளைப் படமெடுக்க வைத்திருப்பது, வெள்ளை, பக்கக் கம்பியில் பல்லுக் கடித்த தடம்கூட உண்டு. பஸீர் நானாவிடம் கேட்டேன். லோரி பிடித்துத் தானே ஏற்றிவிட்டார். “பத்திரம் தங்கச்சி” என்றார். கட்டிலைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா தெரியவில்லை.

ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தேன். சரியில்லை. சுவரோடு வைத்தேன். விரிப்பை இழுத்துவிட்டேன், பிறகு ஒரு மூலையைக் கசக்கினேன். நோன்பு வயிறு, தலை சுற்றியது. தரையில் குந்திவிட்டேன். அப்படிக் குந்தியிருந்து பார்த்தபோதுதான் படம் தெரிந்தது. கீழே இருந்து, கம்பிகளுக்கு ஊடாக ஜன்னல்.

2015இல் வயிற்றில் வந்த ஒன்று நாலாம் மாதத்தில் நழுவிப் போனது. அடுத்த வருஷம் அவர் போனார். எனக்கு அப்போது முப்பத்தொன்று. ஆகஸ்டில் நாற்பது. இதை அவரிடம் நான் ஒருநாளும் கணக்காகச் சொன்னதில்லை. அவருக்கு எண்ணத் தெரியாதா என்ன?

மார்ச் 24, ஞாயிறு

படத்தை அனுப்பினேன். பார்த்துவிட்டார், இரண்டு நீலக் கோடு. பேசவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

பேசினார். குரல் அடைத்திருந்தது, குளிர் என்றார்.

“அந்தக் கட்டிலை எடுத்துப்போடுங்க றுக்ஸி.”

“ஏன்?”

வேலையைப் பற்றிப் பேச்சை மாற்றினார். நான் விடவில்லை. இப்போ நாலு அறையும் முடிஞ்சிச்சு, இனி என்ன இரிக்கு, மேல் மாடியா, வாசல் கேட்டா, மதிலா, என்னதான் வேணும் உங்களுக்கு, சொல்லுங்க மச்சான், சொல்லுங்களேன் என்று கேட்டேன். அழக்கூடாது என்று நினைத்தேன். அழுதுவிட்டேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், மறக்கக்கூடாது.

“ஒவ்வொரு படத்தையும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். இதுல நான் எங்க இருப்பேன்னு தேடுறேன். கதிரையில இருந்து பார்க்கிறேன், கட்டில்ல படுத்துப் பார்க்கிறேன். எனக்கு வரல்ல றுக்ஸி. எட்டு வருஷம். நான் வந்து அந்த வீட்டுல எந்த மூலையில நிப்பேன்?”

அப்படியென்றால் அவரைத் தடுத்தது வீடு இல்லை. வீடு ஒருநாளும் காரணமில்லை.

நோன்பு திறக்க எடுத்த பேரீச்சம்பழத்தைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

பெருநாள் வந்து போனது. புதுச் சல்வார் உடுத்தேன், வட்டிலப்பம் செய்தேன், வந்தவர்களெல்லாம் “ஹஸீப் எப்ப வாறார்” என்று கேட்டார்கள். இன்ஷா அல்லாஹ், இந்த வருஷம் என்றேன். போன வருஷமும் அதைத்தான் சொன்னேன்.

இன்று பேசினோம். மழை, சாப்பாடு, உம்மாவின் முழங்கால். பதினாலு நிமிஷம்.

மே 2, வியாழன்

சந்திரகாந்தா மிஸ்ஸுக்கு நானே போன் எடுத்தேன். படத்தைத் தருகிறேன், ஆனால் ஒரே அறை என்று எழுதவேண்டாம் என்றேன்.

“எழுதலன்னா அது வீடு விக்கிற விளம்பரம்” என்றார். பிறகு குரலைத் தணித்து, “நான் அவசரப்படுத்தல. மொதல்ல வீட்டுக்காரருக்குச் சொல்லுங்க. அவரு வேற யாரோ சொல்லித் தெரிஞ்சிக்கக் கூடாது.”

அது எனக்கும் தெரியும். ஆனால் கண்காட்சி இல்லாவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. நாங்கள் இரண்டுபேரும் இல்லாத ஒரு வீட்டுக்குள் நின்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

மே 6, திங்கள்

உம்மாவிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

“வீட்டைக் காட்டிப் புருஷனை ஏமாத்தினேன்னு ஊருக்கே படம் போட்டுக் காட்டப் போறியா மகள்?”

“ஊருக்கில்ல உம்மா. முதல்ல அவருக்கு.”

“வாப்பாக்குச் செலவானதையுமா?”

ஓம் என்றேன். உம்மா சுளகில் இருந்த அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காசில் வாப்பா இன்னும் பதினோரு மாதம் இருந்தார். உம்மாவுக்கு அது எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும்.

மே 19, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

பலாபத்வலைக்குப் போய் அங்கிருந்து வீடியோவில் எடுத்தேன். சிரித்தார், “ஹா, நம்ம வீட்டுலயா இரிக்கிறீங்க” என்றார். இளமஞ்சள் சுவரைக் காட்டினேன். குழந்தைக் கட்டில் போய்விட்டது, சுவர் மட்டும்தான். அதைச் சுரண்டினேன். கீழே வெள்ளை. அதற்குக் கீழே நீலம். அதற்குக் கீழே சந்தனம். பிறகு போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்து அடுத்த பக்கம் நடந்தேன். கல்லு. கம்பி. இடுப்பளவு புல். யாருடையதோ ஒரு ஆடு ஹோல் இருக்கவேண்டிய இடத்தில் நின்று மென்றுகொண்டிருந்தது.

நான் ஒன்றும் விளக்கவில்லை. நடந்தேன், அவ்வளவுதான்.

“ஜன்னல் ஒன்னுதான்னு எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க?” என்றார்.

நின்றுவிட்டேன்.

“சமையலறைப் படத்துலயே தெரியும். நான் கேக்கல்ல. கேட்டா நீங்க உண்மையைச் சொல்லிருவீங்க, பிறகு நானும் சொல்லணுமேன்னு பயம். வீடு முடியாம இரிக்கும்வரை நான் வராம இரிக்கலாம். முடிஞ்சிச்சுன்னு நீங்க சொன்னா, சின்ன அறை இரிக்குன்னு நான் சொல்லலாம்.”

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அவர் கேட்டார், அப்போ அனுப்பியதெல்லாம் என்ன ஆனது என்று. வாப்பாவைச் சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது. வீட்டுக்கு மாறாத முகம்.

“வாப்பாக்கு அவ்வளவு முடியாம இருந்ததா? என்கிட்ட காய்ச்சல்னுதானே சொன்னீங்க. நான் என்ன, வேணாம்னா சொல்லியிருப்பேன்? அவர் எனக்கும் வாப்பாதானே. கடைசியா ஒரு தடவை பேசியிருப்பேனே, றுக்ஸானா.”

றுக்ஸானா என்றார். றுக்ஸி என்று சொல்லவில்லை. போன் நின்றுவிட்டது.

நான் ஏன் சொல்லல்ல? அவர் வேணாம்னு சொல்லுவார்னா நினைச்சேன்? இல்ல. சொன்னா வீடு நின்னுரும், வீடு நின்னா அவர் வரமாட்டார். அதுக்குத்தான். அதுக்காக வாப்பாவை மறைச்சேன். யா அல்லாஹ்.

மே 26, ஞாயிறு

இல்லை.

ஜூன் 2, ஞாயிறு

இல்லை. நானும் எடுக்கவில்லை. என்னத்தைச் சொல்லி எடுப்பது.

ஜூன் 9, ஞாயிறு

எடுத்தேன். அடித்து அடித்து நின்றது.

ஜூன் 18, செவ்வாய்

நேற்று ஹஜ்ஜுப் பெருநாள். உம்மாவின் போனுக்கு ஸலாம் சொல்லி அனுப்பியிருந்தார். வாப்பாவின் கப்ருக்குப் போய் அவர் பேரிலும் துஆக் கேட்கச் சொல்லியிருந்தார். எனக்கு ஒன்றும் இல்லை. உம்மா போனை என் பக்கம் நீட்டிக் காட்டினார். அவருடைய எழுத்துப் பிழைகளையாவது வாசித்தேன். நாலு இருந்தது.

ஜூலை 3, புதன்

மிஸ் வந்திருந்தார். ஸ்டூடியோவின் பின்பக்கத்தில் இருந்து ப்ளேன்டீ குடித்தோம். ஹஸீப் பேசுவதில்லை என்று சொன்னேன்.

“படத்தைத் திருப்பி எடுத்துக்கிறதுன்னா எடுத்துக்கங்க” என்றார். வேண்டாம் என்றேன். இதற்குமேல் மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

அவர் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். எட்டுப்பேர் ஒரே அறையில், அதனால் வெறும் அறையைக் கண்டால் இன்றைக்கும் பொறாமையாக இருக்கும் என்றார். பிறகு ஒன்று கேட்டார். “இந்த ரூம எல்லாம் அவருக்கு எப்படிப் புடிக்குமோ அப்படிக் கட்டினீங்க. அவரு இப்ப இருக்கிற ரூமு எப்படி இருக்கும்?”

இரும்புக் கொண்டெய்னர் பெட்டியில் இருக்கிறார், நீல நிறம் என்றேன். மேலே சொல்ல வரவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

கட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அவருடைய அறையை. வீட்டுக்குப் போய் வெறும் அறைக்கு நடுவில் நின்று நினைவுபடுத்திப் பார்த்தேன்.

ஒரு நீலப் பலகைச் சுவர். அதில் ஓர் ஆணி. ஆணியில் சாம்பல் நிற ஜாக்கெட். பக்கத்தில் கொரிய எழுத்தில் ஒரு கலண்டர்.

அவ்வளவுதான். வீடியோவில் அவர் தலைக்குப் பின்னால் தெரிவது அது. மற்ற மூன்று சுவரில் என்ன இருக்கிறது? எந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கிறார்? எங்கே தொழுகிறார்? சாப்பிடும் கோப்பையை எங்கே வைக்கிறார்? எட்டு வருஷமாக ஞாயிற்றுக்கு ஞாயிறு பேசிய மனுஷனின் அறையில் ஒரு சுவர்தான் எனக்குத் தெரியும். கேட்கவேயில்லை. நான் என் வீட்டைக் காட்டுவதிலேயே இருந்தேன்.

ஜூலை 10, புதன்

வட்ஸ்அப்பில் எழுதினேன். மன்னிப்புக் கேட்டு எழுதியதை நாலுதரம் அழித்தேன். கடைசியில் ஒரே ஒரு கேள்வியை அனுப்பினேன். “மச்சான், நீங்க இரிக்கிற அறையில, நான் பார்க்காத பக்கத்துல என்ன இரிக்கு?”

ஜூலை 14, ஞாயிறு

பதினொரு நிமிஷம் குரல் அனுப்பியிருக்கிறார். உம்மா விடியற்காலை ஸுபஹு தொழுதுகொண்டிருந்தார், நான் கிணற்றடிக்கு எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். இரண்டாம் தரம் பேனையோடு கேட்டேன்.

அவருடையது கீழ்க்கட்டில். மேலே ஒரு நேபாளக்காரர், திரும்பிப் படுக்கும்போதெல்லாம் தூசு விழுமாம். எதிரே குருநாகல் ஆள் இரண்டுபேர். ஜன்னலுக்குக் குளிர் வராமல் குமிழிப் பிளாஸ்டிக் ஒட்டியிருக்கிறது, கோடையிலும் கழற்றுவதில்லை, ஆறு வருஷமாக வெளியே என்ன இருக்கிறதென்று பார்த்ததில்லை. சோறு ஆக்கும் குக்கர் தரையில். தொழுகைக்கு நோக்கும் கிப்லாப் பக்கம் சப்பாத்து றாக்கை இருந்ததாம், முதல் கிழமையே தூக்கி மற்றப் பக்கம் வைத்தாராம், அதற்கு ஒரு சண்டை வந்ததாம். தொழ எழும்பி நின்றால் தலை உடுப்புக் கொடியில் முட்டும். கட்டிலின் அகலத்தைக்கூடச் சொன்னார், தன் கையால் இரண்டு முழம் ஒரு சாண்.

சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனார். முன்பு ஒருநாளும் அவர் இவ்வளவு பேசியதில்லை. கடைசியில் இதைச் சொன்னார்.

“எதிர்ச் சுவர்ல உங்கட படம் நாலும் ஒட்டியிருந்தேன். அந்தக் குழந்தைக் கட்டில் படமும்தான். மே மாசம் கழட்டிட்டேன். டேப் தடம் அப்படியே இரிக்கு. நாலு படம், பதினாறு தடம். செய்யுறதுன்னா அதையும் செய்ங்க.”

எப்படித் தெரிந்தது அவருக்கு, நான் செய்யப்போகிறேன் என்று?

ஜூலை 21, ஞாயிறு

மூன்று நாள் வேலை. மேசன் சுந்தரலிங்கம் பாஸ் எல்கடுவையிலிருந்து வந்து, பலகையை அறுத்து அடித்துத் தந்தார். இந்த அறைக்குப் பூச்சுப் பூசியவரே அவர்தான். நல்ல சுவரைப் பலகையால் மூடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. “என்னா தங்கச்சி, மனுசன் இப்புடி ஒரு ரூமுல இருப்பானா?” என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். அதற்குப் பிறகு கேட்காமல் செய்தார்.

கட்டிலை நானே அளந்தேன். இரண்டு முழம் ஒரு சாண். என் முழம் சின்னது, கூட்டிப் போட்டேன்.

டேப்பை ஒட்டி, வெயிலில் காயவிட்டு, கிழித்தேன். பதினாறு தடம். படமெடுக்க முதல் அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். எதிரே தடம் மட்டும். நாலு சதுரம், உள்ளே ஒன்றுமில்லை.

அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் அவரே எடுத்தார். ஸலாம் சொன்னார். பிறகு, “றுக்ஸி, குக்கர் இடது பக்கம்” என்றார்.

மாற்றிவைத்துத் திரும்ப எடுத்தேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

நாற்பது. ஜும்ஆ நேரம் போன் எடுத்தார், வேலையிடத்தில் இருந்து, மெஷின் சத்தத்துக்கு மேலால் கத்திப் பேசினார். ஒன்றும் விளங்கவில்லை. சந்தோஷமாக இருந்தது.

செப்டம்பர் 7, சனி

கண்டி. பழைய பங்களா ஒன்றின் கீழ்மாடி. நாலு அறையும் அவருடைய அறையும், ஐந்து படம் வரிசையாக. கீழே தமிழிலும் சிங்களத்திலும் ஒரே வரிதான் எழுதியிருந்தது: இவை ஒரே அறை.

உம்மா வரமாட்டேன் என்றவர் கடைசியில் புது அபாயா போட்டுக்கொண்டு வேனில் முதலாவதாக ஏறினார். சமையலறைப் படத்துக்கு முன்னால் நின்று, பக்கத்தில் நின்ற தெரியாத பெண்ணிடம் “இது என்ட அடுப்பு” என்றார். சிங்களத்தில் ஒருதரம், தமிழில் ஒருதரம். குழந்தைக் கட்டில் படத்துக்கு வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. என் முதுகைத் தடவினார்.

சுந்தரலிங்கம் பாஸ் மனைவியோடு வந்திருந்தார். படத்தை அல்ல, சுவரைத்தான் பார்த்தார். “பூச்சு நிக்கிது பாத்தியா” என்று மனைவிக்குக் காட்டினார்.

கடைசிப் படத்துக்கு முன்னால் ஒரு ஆள் கைகட்டி நின்றுகொண்டிருந்தார், நாற்பத்தைந்து வயதிருக்கும். மிஸ் போய் ஏதும் கேட்க வேண்டுமா என்றார். தானும் கொரியாவில் ஆறு வருஷம் இருந்ததாகச் சிங்களத்தில் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. போகும்போது என் பக்கம் திரும்பி, “குளிர் தெரியுது” என்றார், தமிழில்.

அதை ஹஸீபிடம் சொன்னேன். அவர் அழுதது எனக்குக் கேட்டது.

அக்டோபர் 13, ஞாயிறு

விசா முடிந்து தானாகப் போய்ச் சொல்கிறவர்களைக் கொரியாவில் பிடித்து வைக்காமல் ஊருக்கு அனுப்பிவிடுகிறார்களாம். குருநாகல் ஆள் ஒருவர் போய்விட்டார். தானும் போய்ச் சொல்லப்போவதாக ஹஸீப் சொன்னார்.

“வீடு முடியல்லயே” என்றேன். வேண்டுமென்றே.

“தெரியும்” என்றார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இத்தனை வருஷம் வேண்டிக்கொண்டது வரப்போகிறது என்று தெரிந்தபிறகு, வருகிறவர் யார் என்று யோசிக்கிறேன். அவரும் இதையே யோசிப்பார்.

நவம்பர் 21, வியாழன்

வந்துவிட்டார். காதோரம் நரை. நான் நினைத்ததைவிட உயரம் குறைவு. போனில் உயரம் தெரிவதில்லை. வாப்பாவை அடக்கிய கபுருஸ்தானுக்குத்தான் முதலில் போகவேண்டும் என்றார், பையைக்கூட இறக்கவில்லை. வாப்பாவிடம் நின்று ஏதோ கனநேரம் பேசினார். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன்.

நவம்பர் 26, செவ்வாய்

பலாபத்வலைக்கே வந்துவிட்டோம், அந்த ஓர் அறைக்கு. பின்பக்கம் தகரம் போட்டு அடுப்பு வைத்திருக்கிறோம். மழை விடுவதாக இல்லை.

அவருக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. உண்மையாகவே. தண்ணீர் குடிக்க என்னிடம் கேட்கிறார். சாப்பிட்ட கோப்பையைக் கழுவித் துடைத்துத் தன் பைக்குப் பக்கத்தில் வைக்கிறார். நான் உள்ளே வந்தால் எழும்பி இடம் விடுகிறார். “இரிங்க மச்சான்” என்றால் இருக்கிறார். நானும் அப்படித்தான், அவருக்கு முன்னால் தலை சீவ வெட்கமாக இருக்கிறது. திருமணம் முடித்துப் பதினொரு வருஷமான இரண்டுபேர்.

புதுக்கட்டில் பெரியது. அவர் சுவரோரமாக, சுவரைப் பார்த்து, கையைக் காலை ஒடுக்கிக்கொண்டு படுக்கிறார். அளந்தால் இரண்டு முழம் ஒரு சாண்கூட வராது. இடம் இருக்கிறது என்று சொன்னேன். சரி என்றார். காலையில் பார்த்தால் அதே ஓரம்.

டிசம்பர் 3, செவ்வாய்

மழை விட்டது. சுந்தரலிங்கம் பாஸ் வந்தார். ஹஸீப் அவரோடு சேர்ந்து புல்லுப் பிடுங்கிக் கல் சுமந்தார். சமையலறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்று இரண்டுபேரும் விவாதம். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கிழக்கே என்றேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

இன்று ஸுபஹுக்கு எழும்பிப் பார்க்கிறேன், கட்டிலின் விளிம்பில் ஒரு கால் வெளியே தொங்கக் கிடக்கிறேன். ஹஸீப் நடுவில், மல்லாந்து, இரண்டு கையையும் விரித்துப் போட்டுக்கொண்டு தூங்குகிறார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ஒரு கை என் தலையணையில்.

எனக்குத்தான் படுக்க இடமில்லை. எழுப்ப மனம் வரவில்லை. போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன்.